கடவுளின் பண்புகளைப் படிக்க எந்தத் தமிழ் வேதாகமம்? பழைய திருப்புதலும் திருவிவிலியமும், ஒரு மதிப்பீடு

‘தேவனுடைய குணாதிசயங்கள்’ என்று சபைகளிலும், ‘இறைப்பண்புகள்’ என்று மறைக்கல்வி வகுப்புகளிலும் நடத்தப்படும் பாடத்துக்கு விளக்க நூல்கள் நிறைய விற்கின்றன. அவற்றை வாங்குமுன் மேசைமேல் இருக்க வேண்டியவை இரண்டு வேதாகமங்கள். ஒன்று, சீர்திருத்த சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படும் பழைய திருப்புதல். மற்றொன்று, கத்தோலிக்கருக்கும் சீர்திருத்த சபைகளுக்கும் பொதுவாக 1995இல் வெளிவந்த மொழிபெயர்ப்பான திருவிவிலியம். இந்த ஒரு பாடத்துக்கு இவை கருவியாக எப்படி வேலை செய்கின்றன என்பதை மட்டும் இங்கே பார்க்கிறோம். நடை அழகு, ஆராதனையில் வாசிக்க எது ஏற்றது என்பதெல்லாம் வேறு கணக்கு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பழைய திருப்புதல் அடிப்படைப் பிரதியாக இருக்கட்டும்; திருவிவிலியம் பக்கத்தில் திறந்திருக்கட்டும். ஒன்றை மட்டும் வைத்துப் படித்தால், எதை வைத்தாலும், குறைந்தது மூன்று பண்புகளைத் தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு இருக்கிறது. எந்த மூன்று என்பது நீங்கள் எதைக் கையில் வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பழைய திருப்புதலின் அடித்தளம் ஹென்றி பவர் தலைமையில் முடிக்கப்பட்டு 1871இல் முழுமையாக வெளிவந்த மொழிபெயர்ப்பு. 66 நூல்கள். மேற்கோள் குறிகள் கிடையாது. பேச்சு முக்காற்புள்ளியில் தொடங்கி ‘என்றார்’ என்பதில் முடியும். கவிதைப் பகுதிகளும் உரைநடைபோலவே ஓடும். திருவிவிலியத்தின் கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல்கள். ஒவ்வொரு நூலுக்கும் முன்னுரை, பகுதித் தலைப்புகள், மேற்கோள் குறிகள், கவிதைக்கு வரிப்பிரிப்பு, அடிக்குறிப்பு எல்லாம் உண்டு. நூல்களின் பெயர்களே வேறு: யாத்திராகமம் அங்கே விடுதலைப் பயணம், சங்கீதம் அங்கே திருப்பாடல்கள். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இரு பெயர்களையும் எதிரெதிரே எழுதி வைத்துக்கொண்டால் பின்னால் தடுமாற்றம் இராது.

சோதனைக்கு எடுக்க வேண்டிய வசனம் எது என்பதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. யாத்திராகமம் 34:6-7. கடவுள் தம் பண்புகளைத் தாமே வரிசையாகச் சொல்லும் இடம் அது. பழைய ஏற்பாட்டின் மற்ற நூல்கள் திரும்பத் திரும்ப எடுத்தாளுவதும் அதைத்தான். பழைய திருப்புதலில், ‘இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்’. திருவிவிலியத்தில், ‘இரக்கமும் பரிவும் உள்ள இறைவன், சினம் கொள்ளத் தயங்குபவர், பேரன்பு மிக்கவர், நம்பிக்கைக்குரியவர்’.

எபிரேயத்தில் இங்கே ஐந்து சொற்கள். ரஹூம், கருப்பையைக் குறிக்கும் சொல்லோடு வேர் பகிரும் உருக்கம். ஹன்னூன், தகுதி பாராமல் தயவு காட்டுகிறவர். எரெக் அப்பாயிம், சொல்லுக்குச் சொல் ‘நீண்ட மூக்குடையவர்’. மூக்கில் சூடேறுவதுதான் எபிரேய வழக்கில் கோபம் என்பதால், கோபம் ஏற நெடுநேரம் ஆகிறவர் என்று பொருள். ரவ் ஹெசெத், உடன்படிக்கைக்கு உண்மையாக நிற்கும் அன்பு மிகுந்தவர். எமெத், உறுதி, நம்பத்தக்க தன்மை. ‘ஆமென்’ பிறந்த அதே வேர்.

மூன்றாவது சொல்லில் இரண்டு பிரதிகளுமே நன்றாகச் செய்திருக்கின்றன. ‘நீடிய சாந்தம்’ என்பதில் அந்த ‘நீண்ட’ தப்பிப் பிழைத்திருக்கிறது. ‘சினம் கொள்ளத் தயங்குபவர்’ என்பதில் கோபம் வெளிப்படையாகத் தெரிகிறது. கோபமே இல்லாதவர் என்று மூலம் சொல்லவில்லை, அது வரத் தாமதிக்கிறது என்றே சொல்கிறது. இன்றைய காதுக்குச் சாந்தம் என்றால் கோபமே அறியாத குணமாகக் கேட்கும்; அங்கே திருவிவிலியத்தின் தொடர் ஒரு திருத்தமாக உதவுகிறது.

சிக்கல் மற்ற சொற்களில். இந்தச் சூத்திரம் எண்ணாகமம் 14:18, நெகேமியா 9:17, சங்கீதம் 86:15, 103:8, 145:8, யோவேல் 2:13, யோனா 4:2 ஆகிய இடங்களில் திரும்ப வருகிறது, சில இடங்களில் சுருக்கமாக. பழைய திருப்புதலில் இவற்றை அடுத்தடுத்துத் திறந்து பாருங்கள். சங்கீதம் 103:8: ‘உருக்கமும், இரக்கமும், நீடிய சாந்தமும், மிகுந்த கிருபையுமுள்ளவர்’. இங்கே ரஹூம் உருக்கம், ஹன்னூன் இரக்கம், ஹெசெத் கிருபை. யோவேலும் யோனாவும் ஏறக்குறைய இதே ஒழுங்கில் போகின்றன. சீனாய் மலையில், அதாவது யாத்திராகமம் 34:6இல், மட்டும் எல்லாம் ஓரிடம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது: ரஹூமுக்கு இரக்கம், ஹன்னூனுக்குக் கிருபை, ஹெசெத்துக்குத் தயை. அடுத்த வசனத்திலேயே அதே ஹெசெத் ‘ஆயிரம் தலைமுறைகளுக்கு இரக்கத்தைக் காக்கிறவர்’ என்று இரக்கமாகிவிடுகிறது. ஊற்றாக இருக்கும் வசனத்தில்தான் சொல் இடம் மாறி நிற்கிறது. இந்தப் பாடத்தைப் பொறுத்தவரை பழைய திருப்புதலின் பெரிய குறை இதுதான்.

நடைமுறையில் என்ன ஆகும்? ஒருவர் ‘கிருபை’ என்ற தலைப்பில் வசனம் சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். யாத்திராகமம் 34:6இல் அவர் எடுப்பது ஹன்னூன். சங்கீதம் 136இல் 26 முறை வரும் ‘அவர் கிருபை என்றுமுள்ளது’ என்பதில் எடுப்பது ஹெசெத். ரோமர் நிருபத்தில் எடுப்பது காரிஸ் என்ற கிரேக்கச் சொல். மூன்றையும் ஒரே பண்பாக எண்ணி, ‘தகுதியில்லாதவனுக்குக் கிடைக்கும் தயவு’ என்ற ஒரே விளக்கத்தை எல்லாவற்றின்மேலும் ஒட்டுகிறார். சங்கீதம் 136 சொல்வது அதைவிட வேறு: கொடுத்த வாக்கை விடாத அன்பு. மறுபுறம், மீகா 6:8இல் ‘இரக்கத்தைச் சிநேகித்து’ என்று மனிதரிடம் கேட்கப்படுவதும், ஓசியா 6:6இல் பலியைவிட விரும்பப்படுவதும் அதே ஹெசெத்தான். ‘கிருபை’ என்று தேடியவருக்கு அவை கண்ணிலேயே படாது. கடவுள் தம்மிடம் இருப்பதையே மனிதரிடமும் கேட்கிறார் என்ற இணைப்பு அங்கே அறுந்துபோகிறது.

திருவிவிலியம் இங்கே தெளிவாக முந்துகிறது. விடுதலைப் பயணம் 34:6இல் பேரன்பு, 34:7இல் பேரன்பு, திருப்பாடல் 103:8இல் பேரன்பு, 136 முழுவதும் பேரன்பு. ஹெசெத் கடவுளைப் பற்றி வரும் பெரும்பாலான இடங்களில் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பழைய ஏற்பாட்டில் ஏறத்தாழ 250 முறை வரும் ஒரு சொல்லுக்கு இது பெரிய உதவி. குறையும் உண்டு. ‘பேரன்பு’ அன்பின் அளவைச் சொல்கிறது, அதன் உறுதியைச் சொல்லவில்லை. உடன்படிக்கை வாசனை போய்விட்டது. ரஹூம், ஹன்னூன் இரண்டும் ஓரிடத்தில் ‘இரக்கமும் பரிவும்’, இன்னோரிடத்தில் ‘இரக்கமும் அருளும்’ என்று இங்கேயும் நடனமாடத்தான் செய்கின்றன. மீகா, ஓசியா வசனங்களில் இதிலும் இரக்கம்தான்.

எமெத்தில் நிலைமை தலைகீழ். ‘நம்பிக்கைக்குரியவர்’ என்பது பொருளுக்கு மிக அருகில் வருகிறது. ‘சத்தியம்’ என்றால் இன்று பொய்க்கு எதிர்ச்சொல்லாகவோ, அடித்துச் செய்யும் சத்தியமாகவோதான் கேட்கிறது. ஆனால் பழைய திருப்புதலில் சங்கீதம் 89:14இன் ‘கிருபையும் சத்தியமும்’ என்பதைப் படித்துவிட்டு யோவான் 1:14க்குப் போனால், வார்த்தை மாம்சமாகி ‘கிருபையினாலும் சத்தியத்தினாலும்’ நிறைந்தவராய் நிற்கிறது. சீனாயில் கேட்ட இணைச்சொற்கள் யோவானில் மனித உருவில் வருகின்றன என்று பாடம் நடத்துபவர்கள் சொல்லும் விளக்கத்தைப் பழைய திருப்புதல் வாசகர் தம் கண்ணாலேயே பார்க்கலாம். திருவிவிலியத்தில் பழைய ஏற்பாட்டில் ‘பேரன்பும் உண்மையும்’, யோவானில் ‘அருளும் உண்மையும்’. பாதிப் பாலம்தான் மிஞ்சுகிறது.

அடுத்து, வழக்கு மாறியதால் வந்த இடறல்கள். இவை மொழிபெயர்ப்பாளரின் பிழை அல்ல. 150 ஆண்டுகளில் தமிழ் நகர்ந்திருக்கிறது. யாத்திராகமம் 34:7இன் முடிவில் பிதாக்களின் அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் ‘விசாரிக்கிறவர்’ என்று இருக்கிறது. நலம் விசாரிப்பதற்கும் தண்டனைக்கும் இடையே இன்றைய வாசகர் தொடர்பு காணமாட்டார். வசனத்தின் கடுமை நழுவி, முதல் பாதியின் இனிமை மட்டும் நெஞ்சில் தங்கும். திருவிவிலியம் ‘தண்டித்துத் தீர்ப்பவர்’ என்று முகத்துக்கு நேரே சொல்கிறது. சங்கீதம் 90:2இன் ‘அநாதியாய்’ என்பது ‘ஆதி இல்லாதவராய்’. வகுப்பில் இளையவர்கள் இதை ‘அநாதை’யோடு குழப்பிக்கொள்வது அபூர்வமல்ல. 1 தீமோத்தேயு 1:17இன் ‘அதரிசனம்’ என்பது கண்ணுக்குப் புலப்படாமை. இப்படிப்பட்ட சொற்களுக்கு ஒரு சிறு அகராதியைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் வளர்த்துக்கொண்டே போவது நல்லது. முப்பது சொற்களுக்குமேல் வராது.

எல்லாவற்றிலும் மோசமாக அடிபட்டது ‘எரிச்சல்’. யாத்திராகமம் 20:5இல் ‘எரிச்சலுள்ள தேவன்’ என்று படித்ததும் சிடுசிடுப்பான ஒருவர்தான் கண்முன் வருகிறார். மூலத்தில் உள்ள கன்னா என்ற சொல், தனக்கே உரிய உறவில் வேறொருவர் பங்கு கேட்பதைப் பொறுக்காத தீவிரம். திருவிவிலியம் ‘இதைச் சகித்துக் கொள்ளமாட்டேன்’ என்று வாக்கியமாக மாற்றிவிட்டது. புரிகிறது, ஆனால் பண்பு வினையாகிவிட்டதால், பட்டியல் போடுபவரின் கையிலிருந்து அது மறைந்துபோகிறது. பழைய திருப்புதலிலேயே இதற்கு ஒரு நல்ல மருந்து இருக்கிறது. ஏசாயா 9:7இல் ‘சேனைகளின் கர்த்தருடைய வைராக்கியம் இதைச் செய்யும்’ என்பதில் வரும் வைராக்கியம், கன்னாவின் அதே வேரில் பிறந்த சொல். எரிச்சல் என்று கண்ட இடத்திலெல்லாம் ஓரத்தில் ‘வைராக்கியம்’ என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். சிலைகளை வெறுப்பதும் மீட்பை நிறைவேற்றுவதும் ஒரே தீவிரத்தின் இரண்டு முகங்கள் என்பது அப்போது தெரியும்.

இப்போது ஒரே ஒரு எழுத்தைப் பற்றி. 1 யோவான் 4:8, பழைய திருப்புதலில்: ‘தேவன் அன்பாகவே இருக்கிறார்’. அந்த ஏகாரம் கிரேக்கத்தில் இல்லை. அதே நிருபத்தில் 1:5, அதே வாக்கிய அமைப்பு, ‘தேவன் ஒளியாயிருக்கிறார்’ என்று ஏகாரம் இல்லாமல் வருகிறது. யோவான் சுவிசேஷம் 4:24உம் ‘தேவன் ஆவியாயிருக்கிறார்’ என்றே வருகிறது. தமிழில் ‘அன்பாகவே’ என்பதற்கு ‘முழுக்க அன்பாய்’ என்றும் ‘அன்பாய் மட்டும்’ என்றும் இரு பொருள் உண்டு. இரண்டாவதை எடுத்துக்கொண்டு, நியாயத்தீர்ப்பைப் பற்றிய வசனங்களை ஒதுக்கித் தள்ளும் போக்கு பல பாடங்களில் காணப்படுகிறது. திருவிவிலியம் ‘கடவுள் அன்பாய் இருக்கிறார்’, ‘கடவுள் ஒளியாய் இருக்கிறார்’ என்று இரண்டையும் ஒரே அச்சில் வார்த்திருக்கிறது. இந்த வசனத்துக்கு அதுவே துல்லியம். ஒளி, அன்பு, ஆவி மூன்றும் கடவுளிடம் உள்ள பகுதிகள் அல்ல, ஒவ்வொன்றும் அவர் முழுமையாக இருக்கும் விதம் என்பது பழைய இறையியலாளர்கள் ‘பகுதியற்ற தன்மை’ என்ற பண்பை முதலில் வைத்ததன் காரணம். தோமா அக்குவினார் கடவுள் இருக்கிறார் என்பதை நிறுவிய கையோடு அடுத்துப் பேசுவதும் அதைத்தான்.

நீதியில் பழைய திருப்புதல் பதிலடி கொடுக்கிறது. ரோமர் 3:26: ‘தாம் நீதியுள்ளவரும், இயேசுவினிடத்தில் விசுவாசமாயிருக்கிறவனை நீதிமானாக்குகிறவருமாய் விளங்கும்படி’. கிரேக்கத்தில் நீதி, நீதியுள்ளவர், நீதிமானாக்குதல் மூன்றும் ஒரே குடும்பத்துச் சொற்கள். ஸ்டிராங் எண்களில் (வேதாகமத்தின் மூலமொழிச் சொற்களுக்குத் தரப்பட்ட வரிசை எண்கள்) 1343, 1342, 1344 என்று பக்கத்துப் பக்கத்தில் நிற்பவை. தமிழிலும் நீதி, நீதியுள்ளவர், நீதிமானாக்குகிறவர் என்று அதே குடும்பம் காப்பாற்றப்பட்டிருக்கிறது. பவுலின் வாதமே அந்தச் சொல் விளையாட்டில்தான் நிற்கிறது: கடவுள் தம் நீதியை விட்டுக்கொடுக்காமலே குற்றவாளியை நீதிமானாக்குகிறார். திருவிவிலியம் மனிதனைக் குறித்து ‘கடவுளுக்கு ஏற்புடையவர்’ என்ற தொடரை எடுத்துக்கொண்டது. உறவின் பக்கத்தை அது அழகாகக் காட்டுகிறது. கடவுளின் பண்புக்கும் மனிதனுக்குக் கிடைத்த நிலைக்கும் உள்ள சொல் தொடர்பு அறுந்துவிடுகிறது. ரோமர் நிருபத்தை இந்தப் பாடத்துக்காகப் படிப்பவர் பழைய திருப்புதலிலேயே படிக்கட்டும்.

பரிசுத்தம், தூய்மை பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஏசாயா 6:3இல் ஒன்று ‘பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்’, மற்றது ‘தூயவர், தூயவர், தூயவர்’. காதோஷ் என்பதில் முந்தி நிற்கும் பொருள் ‘பிரித்து வைக்கப்பட்ட, வேறான’ என்பது. தமிழ்ச் சொற்கள் இரண்டுமே அழுக்கின்மையைத்தான் முன்னிறுத்துகின்றன. ஆகவே ஓசியா 11:9, கடவுள் தாம் மனிதரல்ல என்று சொல்லித் தம்மைப் பரிசுத்தர் என்று அழைக்கும் வசனம், இரண்டு பிரதிகளிலும் கட்டாயம் சேர்த்துப் படிக்க வேண்டியது.

மாறாத தன்மை என்ற பண்பில் எல்லாரும் சிக்கும் இடம் 1 சாமுவேல் 15. வசனம் 11: ‘நான் சவுலை ராஜாவாக்கினது எனக்கு மனஸ்தாபமாயிருக்கிறது’. வசனம் 29: ‘தாம் சொன்னதைப்பற்றி மனஸ்தாபப்படுகிறதும் இல்லை, மனம் மாற அவர் மனுஷன் அல்ல’. வசனம் 35இல் மறுபடி மனஸ்தாபம். எபிரேயத்திலும் மூன்று இடத்திலும் ஒரே வினைதான், நாஹம். பழைய திருப்புதல் இந்த முரணை மூடி மறைக்காமல் அப்படியே வைத்தது பாராட்டுக்குரியது. முடிச்சை அவிழ்க்கும் வழி, ஒரே அதிகாரத்தை எழுதியவர் இரண்டையும் தெரிந்தே பக்கத்தில் வைத்தார் என்று ஏற்றுக்கொள்வதுதான்: நிகழ்வைக் கண்டு கடவுள் வருந்துவது உண்டு, வாக்கிலிருந்து பின்வாங்குவது இல்லை. மல்கியா 3:6இல் ‘நான் மாறாதவர்’ என்பதற்கு அடுத்து வரும் ‘ஆகையால்’ என்ற சொல்லையும் விடாமல் படிக்க வேண்டும். யாக்கோபின் புத்திரர் அழியாதிருப்பதற்கு அந்த மாறாமையே காரணம் என்று அது சொல்கிறது. மாறாமையைக் கல்லின் அசைவின்மையாக நினைத்துக்கொள்வதற்கு இங்கே இடமில்லை.

பெயர்களைப் பண்புகளாக எண்ணுவது இன்னொரு பரவலான தவறு. ‘யேகோவாயீரே, யேகோவாநிசி, யேகோவாஷாலோம்’ என்று பட்டியலிட்டு ஒவ்வொன்றும் கடவுளின் ஒரு பெயர் என்று நடத்துகிறார்கள். பழைய திருப்புதலைத் திறந்து பார்த்தால் ஆதியாகமம் 22:14இல் அது ஆபிரகாம் ஓர் இடத்துக்கு வைத்த பெயர். யாத்திராகமம் 17:15இலும் நியாயாதிபதிகள் 6:24இலும் பலிபீடங்களின் பெயர். எசேக்கியேல் 48:35இன் ‘யேகோவா ஷம்மா’ ஒரு நகரத்தின் பெயர். அவற்றிலிருந்து கடவுளைப் பற்றிக் கற்கலாம், மறுப்பில்லை. ஆனால் அவரே தம்மைப்பற்றிச் சொன்னதும் (‘நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்’, யாத்திராகமம் 15:26) மனிதர் ஓர் அனுபவத்துக்குப் பின் இட்டதும் ஒரே எடை உள்ளவை அல்ல. யேகோவா என்ற திருநாமத்துக்கு ‘கர்த்தர்’ என்று பழைய திருப்புதலும், ‘ஆண்டவர்’ என்று திருவிவிலியமும் எழுதுகின்றன. யாத்திராகமம் 3:14இன் ‘இருக்கிறவராக இருக்கிறேன்’ என்பதோடு உள்ள தொடர்பு இரண்டிலும் தெரியாது. அந்த வசனத்தின் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிக்கொள்ள வேண்டும். யோவான் 5:26இன் ‘தம்மில்தாமே ஜீவனுடையவர்’ என்பதை அதே குறிப்பில் இணைத்தால், பிறரைச் சாராத தன்மை என்ற பண்புக்கு இரண்டு ஏற்பாட்டுச் சான்றும் கிடைத்துவிடும்.

கைப்பேசிச் செயலிகளில் தேடுபவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். முழுச் சொல்லைத் தட்டச்சு செய்தால் பாதி வசனம் தப்பிவிடும், தமிழ்ச் சொல் வேற்றுமை ஏற்கும்போது உருமாறுவதால். ‘இரக்கம்’ என்று தேடாமல் ‘இரக்க’ என்று தேடுங்கள். ‘இரக்கத்தை’, ‘இரக்கமும்’ இரண்டும் விழும். வினை வடிவம் வேண்டுமானால் ‘இரங்கு’ம் ‘இரங்கி’யும் தனியே. ‘மனவுருக்கம்’ சில இடங்களில் சேர்ந்தும் சில இடங்களில் ‘மன உருக்கம்’ என்று பிரிந்தும் அச்சாகியிருப்பதால் ‘மனவுருக்க’, ‘உருக்க’ இரண்டையும் தனித்தனியே தேடுங்கள். அப்போது எரேமியா 9:7இன் ‘அவர்களை உருக்கி’ போன்ற உலோக வேலையும் சேர்ந்து வரும், கையால் களைய வேண்டியதுதான். ‘நீடிய சாந்தம்’, ‘நீடிய பொறுமை’ இரண்டையும் தேட வேண்டும்; சங்கீதம் 86:15இல் எரெக் அப்பாயிம் பொறுமையாக வந்திருக்கிறது. மூலச்சொல் எண் காட்டும் செயலி கிடைத்தால் இத்தனை சிரமம் இல்லை: ஹெசெத் 2617, ரஹூம் 7349, ஹன்னூன் 2587, எமெத் 571, நாஹம் 5162, காதோஷ் 6918. இவை எபிரேய வரிசை எண்கள். கிரேக்க வரிசையும் 1இலிருந்து தனியே தொடங்குவதால் எந்த மொழி என்று குறிக்காமல் எழுதினால் குழப்பம் வரும்.

படிக்கும் முறைக்கு, ஒரு பண்புக்கு ஒரு வாரம், எட்டுக்குமேல் வசனம் வேண்டாம். குறிப்பேட்டில் நான்கு பத்தி: வசன எண், பழைய திருப்புதலின் சொல், திருவிவிலியத்தின் சொல், அந்த இடத்தில் கடவுள் செய்வது என்ன. நான்காவது பத்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் மிஞ்சுவது சொற்பட்டியல்தான். சீனாய் வசனமே இஸ்ரவேலர் பொற்கன்றை வணங்கியதற்குப் பிறகு, உடைந்த கற்பலகைகளுக்குப் பதில் புதியவை செதுக்கப்பட்ட வேளையில் சொல்லப்பட்டது. அதை நான்காவது பத்தியில் எழுதியதும் ‘நீடிய சாந்தம்’ யாருக்கு, எதற்குப் பிறகு என்பது தானே விளங்கும்.

எந்தப் பண்புகளை எடுப்பது என்பதற்கு 1647இல் முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடையின் நான்காம் வினா நல்ல கட்டம் போட்டுத் தருகிறது. அளவற்றவர், நித்தியர், மாறாதவர் என்று மூன்று. இருப்பு, ஞானம், வல்லமை, பரிசுத்தம், நீதி, நன்மை, சத்தியம் என்று ஏழு. மூன்றும் ஏழின்மேலும் பொருந்துகின்றன: அளவற்ற வல்லமை, நித்திய ஞானம், மாறாத நன்மை என்று இருபத்தொரு கட்டங்கள். முந்திய மூன்று மனிதரோடு பகிரப்படாதவை. பிந்தியவற்றின் நிழல் மனிதரிடமும் உண்டு. சீர்திருத்த மரபில் வந்த கட்டம் இது, ஆனாலும் கத்தோலிக்க வாசகருக்கும் இடைஞ்சல் தராது. அன்பு தனியாக அதில் இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு, நன்மைக்குள் அடக்கிவிட்டார்கள். ஹெசெத்தை இவ்வளவு நேரம் துரத்திய பிறகு அது கொஞ்சம் கஞ்சத்தனமாகத்தான் படுகிறது. எட்டாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் அடிக்கடி கெட்டுப்போவது இரண்டு பண்புகளை மோதவிடும்போது. ‘அவர் அன்புள்ளவர், ஆனால் நீதியுள்ளவரும்கூட’ என்று ஒன்றை மற்றொன்றுக்குக் கடிவாளமாகப் போடுவார்கள். அந்த ‘ஆனால்’ வரும் இடத்தில் வசனம் என்ன இணைப்புச்சொல் வைத்திருக்கிறது என்று பார்ப்பது நல்ல பயிற்சி. சங்கீதம் 89:14 நீதி, நியாயம், கிருபை, சத்தியம் நான்கையும் ‘ஆனால்’ இல்லாமலே ஒரே சிங்காசனத்தைச் சுற்றி நிறுத்துகிறது. திருவிவிலியத்தின் இணைத் திருமுறையில் (பழைய திருப்புதலில் இல்லாத நூல்களின் தொகுதி) சாலமோனின் ஞானம் 11:23 இன்னும் ஒரு படி போய், கடவுள் எல்லாம் வல்லவராய் இருப்பதால்தான் எல்லார்மீதும் இரங்குகிறார் என்கிறது. அந்த நூலைத் திருமுறையாக ஏற்காதவர்களும் அந்த ஒரு வரிக்காகத் திருவிவிலியத்தைப் புரட்டலாம். சர்வவல்லமையை எதையும் செய்துவிடும் திறனாக விளக்கிவிட்டுப் பிறகு ‘பொய் சொல்ல முடியுமா’ என்ற கேள்வியில் தடுமாறுபவர்கள் 2 தீமோத்தேயு 2:13ஐப் பக்கத்தில் வைக்கட்டும்: ‘அவர் தம்மைத்தாம் மறுதலிக்க மாட்டார்’.

எளிய நடையில் வந்துள்ள மற்ற தமிழ்ப் பதிப்புகள் கதைப் பகுதிகளை விறுவிறுவென்று வாசிக்க நல்லவை. இந்தப் பாடத்துக்கு அவை கைகொடுப்பதில்லை. பெயர்ச்சொல்லாக இருக்கும் பண்பை நீளமான வாக்கியமாக அவிழ்த்துவிடுவதால் ஓரிடத்தையும் மற்றோரிடத்தையும் ஒப்பிட முடிவதில்லை. முதல் வாசிப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது பழைய திருப்புதலில் ஒத்தவாக்கியப் பதிப்பையே, அதாவது தொடர்புள்ள வசனங்களின் எண்களைக் குறிப்பாகக் காட்டும் பதிப்பையே, கேளுங்கள். யாத்திராகமம் 34:6ஐத் திறந்து, குறிப்பில் எண்ணாகமம் 14:18, நெகேமியா 9:17, சங்கீதம் 103:8, யோவேல் 2:13 ஆகியவற்றில் குறைந்தது மூன்று வசனங்கள் காட்டப்பட்டிருக்கின்றனவா என்று கடையிலேயே பாருங்கள். தாள் மெல்லியதாக இருந்தால் மைப்பேனா மறுபக்கம் ஊறும். ஓரக்குறிப்புக்கு 2பி பென்சில் போதும். திருவிவிலியத்தில் அடிக்குறிப்பும் முன்னுரையும் உள்ள பெரிய பதிப்பையே எடுங்கள். புதிய ஏற்பாடும் திருப்பாடல்களும் மட்டும் உள்ள கையடக்கப் பதிப்பில் விடுதலைப் பயணம் இராது, ஆகவே சீனாய் வசனமும் இராது.